இரண்டு கண்ணும் திறந்தபடி

பந்து கோட்டின் மேல்தான் விழுந்தது. மைதானத்தில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிரஷாந்தி ரீச்சரைத் தவிர. வராதவர்களுக்காக அன்று பின்னேரமே ஒரு காணொளி சுற்ற ஆரம்பித்தது. அதில் பந்து தண்ணீருக்குள் இறங்குவதைப்போல மெதுவாக வந்து வெள்ளைக் கோட்டில் முட்டி எழும்புகிறது. வலைப்பந்தில் கோடும் உள்ளேதான். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நடுவரோ விசிலை ஊதி, பந்து வெளியே என்று கையை நீட்டுகிறாள். அந்த இடத்தில் யாரோ படத்தை நிறுத்தி, நடுவரின் முகத்தில் கறுப்புக் கண்ணாடியும் கையில் ஒரு வெள்ளைத் தடியும் வரைந்திருந்தார்கள்.

பிரஷாந்தி வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அது அவளுடைய கைபேசிக்கும் வந்திருந்தது. அனுப்பியது அவளிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய். கவலைப்படாதீங்க ரீச்சர் என்று கீழே எழுதியிருந்தது.

பிரஷாந்திக்கு நாற்பத்தேழு வயது. கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. வாவிக்கரை வலைப்பந்துச் சங்கம் நடத்தும் போட்டிகளில் அவளுடைய விசில் சத்தம் இல்லாமல் ஒரு வருடமும் கழிந்ததில்லை. அரையிறுதியில் அவள் ஊதிய அந்தப் பிழையால் ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. உன்னிச்சைப் பிள்ளைகள் எப்படியும் வென்று இறுதிக்குப் போனார்கள். ஆனால் ஆட்டம் முடிந்து போயிற்று, படம் அழியாமல் நிலைத்துவிட்டது.

அவள் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி வரைந்த இடத்தை அல்ல, அதற்குச் சற்று முன்பு தன் தலை அசைவதை. பந்து இறங்கும்போது அவளுடைய நாடி நெஞ்சில் முட்டுமளவுக்குக் குனிகிறது. ஏன் குனிகிறாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். போன வருடம் வாங்கிய கண்ணாடி, தூரத்துக்கும் வாசிப்பதற்குமாகச் சேர்த்துச் செய்தது. மேல்பாதியில் தூரம், கீழ்பாதியில் எழுத்து. ஆசிரியர் அறையில் அது அற்புதமாக இருந்தது. மைதானத்திலோ கீழே இருப்பது எழுத்து அல்ல. கீழே இருப்பவை கால்கள், சப்பாத்துகள், கோடு. அவள் கண்ணைத் தாழ்த்தும் ஒவ்வொரு தடவையும் வாசிப்பதற்கான கண்ணாடித் துண்டு நிலத்தைக் கலக்கிவிடும். தெளிந்த குளத்தில் யாரோ காலை விட்டதைப்போல. அதனால்தான் தலையையே கவிழ்த்து மேல்பாதியால் நிலத்தைப் பார்க்கப் பழகியிருந்தாள். தலை கவிழ்வதற்குள் பந்து எழும்பிப் போய்விடுகிறது.

சங்கத்தின் செயலாளர் நல்லரத்தினம் ஓய்வுபெற்ற அதிபர். சத்தம்போட்டுப் பேசாதவர். கூட்டத்தில் அவர் முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு இறுதியாட்டத்துக்குக் கூடாரம் பிடிப்பதைப் பற்றிப் பேசினார், பிறகு தேத்தண்ணீர் வந்தது. கோப்பையைக் கீழே வைக்கும்போதுதான் விசயத்துக்கு வந்தார்.

"பிரஷாந்தி, கோவிச்சிக்காதீங்க. பைனலுக்கு நீங்க மேசையில இருங்க. புள்ளி எழுதுறதுக்கும் அனுபவம் உள்ள ஆள் வேணும். அம்பயர் வேலைக்குப் புதுசா பாஸ் பண்ணின பிள்ளை ஒண்டு இரிக்கி."

"மேசையில இருக்கிற ஆளுக்குக் கண் தேவையில்லையா சேர்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நல்லரத்தினமும் சிரித்தார், ஆனால் விட்டுவிடவில்லை. கோட்டைச் சுற்றி நாற்பது கைபேசிகள் நிற்கும் என்றார். சங்கத்தின் பெயர் கெட்டுப்போனால் அடுத்த வருடம் ஊர்கள் பிள்ளைகளை அனுப்பாது என்றார். அதில் பொய் இல்லை என்பது பிரஷாந்திக்கும் தெரியும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இறுதியாட்டத்துக்கு முந்திய கிழமை அலுவலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் கண் சோதிக்கும் எழுத்து அட்டையை வாசித்துக் காட்டினால் விசில் அவளுக்கு. இல்லாவிட்டால் மேசை.

"வாறன்," என்றாள் பிரஷாந்தி. மேசைமேல் இருந்த தன் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழும்பினாள். அது சங்கத்தின் விசில் அல்ல, அவளுடையது.

*

காத்தான்குடிப் பிரதான வீதியில், நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இன்ஷிராவின் கண்ணாடிக்கடை இருந்தது. இன்ஷிராவுக்கு முப்பது வயதிருக்கும். கண் பரிசோதனையைக் கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். பட்டினத்தில் இரண்டு கடைகளில் பிரஷாந்தி ஏற்கெனவே கேட்டுப் பார்த்துவிட்டாள். இந்த வயதில் கொன்டாக்ட் லென்ஸ் எதற்கு, அதெல்லாம் கலியாணப் பிள்ளைகள் போடுவது, வேறு பிரேம் காட்டவா என்று ஒரு கடையில் கேட்டார்கள். மற்றக் கடையில் கேள்வியே இல்லை, பிரேமை எடுத்து முன்னால் வைத்துவிட்டார்கள்.

இன்ஷிரா பிரேம் எதையும் காட்டவில்லை. கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு, உங்கள் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டாள். அப்படி ஒருவரும் பிரஷாந்தியைக் கேட்டதில்லை. அவள் எழும்பி நின்றே பதில் சொன்னாள். மைதானத்தின் அந்தக் கோடியில் வளையம், தலைக்கு மேலே. இந்தப் பக்கம் கோடு, காலடியில். பந்தைப் பிடித்த பிள்ளை எந்தக் காலை முதலில் ஊன்றினாள் என்று பார்க்கவேண்டும். தடுக்கும் பிள்ளை மூன்றடி தள்ளி நிற்கிறாளா என்று பார்க்கவேண்டும். இடையில் கையிலுள்ள மணிக்கூடு, கையடக்க அட்டையில் பென்சில் எழுத்து. எல்லாம் ஓடிக்கொண்டே.

தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்து பட்டியால் கட்டிக்கொண்டால் என்ன என்று இன்ஷிரா கேட்டாள். அதையும் செய்து பார்த்தாயிற்று. வாவிக்காற்று நின்றுபோன பின்னேரங்களில் வியர்வை ஒழுகிக் கண்ணாடி புகைத்துப் போகும். மணிக்கூட்டைப் பார்க்க அதைத் தூக்கவேண்டும். ஒருமுறை பந்து பட்டு மூக்கில் காயம்.

"அப்ப மல்டிபோக்கல் லென்ஸ்தான் பார்க்கணும்," என்றாள் இன்ஷிரா. "ஆனா ரீச்சர், இது எல்லாருக்கும் ஒத்து வாறதில்ல. நான் பொய் சொல்லித் தரமாட்டன்."

அவள் ஒரு தாளில் வட்டத்துக்குள் வட்டமாகக் கீறிக் காட்டினாள். கண்ணாடியைப்போல மேலே தூரம், கீழே கிட்டம் என்று இந்த வில்லை பிரிக்காது. நடுவில் கிட்டத்துக்கான பலம், சுற்றிவரத் தூரத்துக்கான பலம். இரண்டு காட்சியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போகும். எது வேண்டும் என்று மூளைதான் எடுத்துக்கொள்ளவேண்டும். கண் எங்கே திரும்பினாலும் வில்லையும் கூடவே போவதால் நிலத்தைப் பார்க்கத் தலையைக் கவிழ்க்கத் தேவையில்லை.

பிறகு வேலை தொடங்கியது. கருவிழியின் வளைவை அளந்தாள். வெளிச்சத்திலும் இருட்டிலும் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்த்தாள். கண்ணீர் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சிறு துவாரம் விட்டு, அதற்குள்ளால் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னாள். இரண்டு கண்ணில் எது முன்னுக்கு நின்று வழிநடத்துகிறது என்று அறிவதற்கு அது. வலது கண்ணா, இடது கண்ணா என்று கேட்டு முடிப்பதற்குள் பிரஷாந்தி வலது என்றாள். அளவு பார்க்கும் பிரேமில் இன்ஷிரா வில்லைகளை மாற்றி மாற்றிப் போட, முதலாவது, இரண்டாவது, இரண்டாவது, முதலாவது என்று பதில்கள் விசிலைப்போல வந்தன. இவ்வளவு கெதியாகச் சொல்கிற ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்றாள் இன்ஷிரா. பிரஷாந்திக்கு அது பாராட்டாகப் பட்டது.

வில்லையைக் கண்ணில் போடப் பழகியதுதான் பெரிய பாடு. கை கழுவித் துடைத்து, விரல்நுனியில் அதை வைத்து, கிண்ணம்போல நிற்கிறதா தட்டுப்போல விரிகிறதா என்று பார்க்கவேண்டும்; விரிந்தால் உட்புறம் வெளியே வந்திருக்கிறது. ஒன்று கழுவுதொட்டிக்குள் விழுந்தது. கழுவிப் போடலாம்தானே என்று பிரஷாந்தி குழாயைத் திறக்கப் போக, இன்ஷிரா அவளுடைய கையையே பிடித்துவிட்டாள். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதுவும் இதில் படக்கூடாது, அதற்கென்று உள்ள திரவம் மட்டும்தான், வாவியில் இறங்குவதென்றால் கழற்றிவிட்டு இறங்கவேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். பரீட்சார்த்த வில்லைகளோடு ஒரு கிழமை இருந்துவிட்டு வரும்படி அனுப்பினாள்.

வீட்டில் கணவர் அவளுடைய கண்ணை உற்றுப் பார்த்தார். கண்ணுக்குள் கண்ணாடி, இனி என்ன, தலைக்கு மையும் பூசினால் பொம்பிளை பார்க்க ஆள் வரும் என்று பகிடி விட்டார். பழைய மாப்பிள்ளையை என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் விளையாட்டுச் சப்பாத்தை மாட்டினாள்.

*

அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒவ்வொரு பந்தையும் சுற்றி ஒரு நிலா வட்டம் இருந்தது. பந்து வளையத்துக்குப் போகும்போது அதன் நிழல் அதற்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்துப் போனது. கையிலுள்ள மணிக்கூடு நன்றாகத் தெரிந்தது. காலடியிலுள்ள கோடு, பல மாதங்களுக்குப் பிறகு, கோடாகவே தெரிந்தது. ஆனால் தூரத்து வளையம் இரண்டாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகளிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல எல்லாவற்றுக்கும் விசில் ஊதினாள். ஒரு தடவை பந்து வளையத்துக்குள்ளால் போனதா, வெளியால் போனதா என்று தெரியாமலே கோல் என்று கையை உயர்த்தினாள். வலைக்குக் கீழே நின்ற பிள்ளை அவளை வினோதமாகப் பார்த்துவிட்டுப் பந்தை எடுத்தாள்.

அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு அவள் காத்தான்குடிக்குப் போனாள். மாடிப்படியில் ஏறும்போதே கோபம் தொடங்கிவிட்டது. உங்கள் லென்ஸ் சரியில்லை, எனக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது என்றாள். இன்ஷிரா அவளை உட்காரவைத்து, பழைய அளவுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் வில்லைகளைக் கையில் எடுத்தாள். இந்த முறை இரண்டு கண்ணும் திறந்தபடி வீதிக்கு அப்பால் உள்ள பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொன்னாள்.

"இது முதலாவது. இது ரெண்டாவது. எது தெளிவு?"

"ரெண்டாவது."

"இப்ப? முதலாவது, ரெண்டாவது."

"முதலாவது."

"இப்ப?"

"ரெண்டாவது. நல்ல தெளிவு."

இன்ஷிரா கையைக் கீழே இறக்கினாள். "ரீச்சர், ஒண்டு சொல்றன், கோவிச்சிக்கிடாதீங்க. மூண்டு தரமும் நான் லென்ஸ மாத்தவே இல்ல. எடுத்துப்போட்டு அதையேதான் திரும்ப வெச்சன்."

கீழே புடவைக்கடையில் யாரோ சீலையை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. பிரஷாந்தி கதிரையை விட்டு எழும்பினாள். தன்னை என்ன விளையாட்டுக்கா கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வைக்கிற சோதனையை நாற்பத்தேழு வயது ஆளுக்கு வைக்கிறீர்களா என்று கேட்டாள். இன்ஷிரா வில்லையைத் துணியால் துடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒண்டு போல இரிக்கி எண்டு ஏன் ரீச்சர் நீங்க ஒரு தரமும் சொல்லல்ல?"

"அம்பயர் யோசிச்சா சனம் தலையில ஏறிடும் தங்கச்சி. ஊதினா ஊதினதுதான்."

"இஞ்ச சனம் இல்ல ரீச்சர். நீங்களும் நானும்தான்."

பிரஷாந்தி யன்னலடிக்குப் போனாள். பேரீச்சை ஓலைகள் காற்றில் அசைந்தன. ஒவ்வொரு ஓலைக்கும் பக்கத்தில் அதன் மெல்லிய சாயல் ஒன்றும் அசைந்தது. எது ஓலை, எது சாயல் என்று சொல்லச் சொன்னால் தான் உடனே ஒன்றைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தாள்.

"எங்கட ஆட்டத்தில அதுக்கு ஒரு பேர் இரிக்கி," என்றாள். பந்து யாருடைய கையில் கடைசியாகப் பட்டு வெளியே போனது என்று நடுவருக்குத் தெரியாவிட்டால், இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவர் பந்தை நடுவே மேலே எறிவார். எடுக்கிறவள் எடுக்கட்டும். அதற்குப் பெயர் டொஸ் அப்.

"நீங்க கனக்க டொஸ் அப் குடுத்திருப்பீங்க."

"எங்க குடுத்தன்? ரெண்டு பிள்ளையும் ஒண்டாப் பிடிச்சா குடுப்பன், அது வேற. எனக்குத் தெரியல்ல எண்டு ஒரு நாளும் குடுக்கல்ல."

அதைப் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை பிரஷாந்தி ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள். தெரிந்தால் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாவிட்டால் டொஸ் அப் என்றாள். முதலில் நிறைய டொஸ் அப் விழுந்தது. இன்ஷிரா மெலிதான ஒரு வில்லையை ஒரு கண்ணுக்கு முன்னாலும் பிறகு மற்றக் கண்ணுக்கு முன்னாலும் பிடித்து, எந்தப் பக்கம் வைக்கும்போது கூடுதல் இடைஞ்சலாக இருக்கிறது என்று கேட்டாள். பிரஷாந்தி நீண்ட நேரம் பார்த்தாள். இடது பக்கம். கைத்துவாரத்தால் மணிக்கூட்டைப் பார்க்கும் சோதனையையும் திரும்பச் செய்தார்கள். வலது கண்ணை மூடினால் மணிக்கூடு துவாரத்துக்குள்ளேயே நின்றது. இடது கண்ணை மூடினால் மறைந்து போனது. வழிநடத்துவது இடது கண்; தூரத்துக்கான வில்லை அந்தக் கண்ணுக்குத்தான் போகவேண்டும். விசில் வலது கையில் இருப்பதால் எல்லாமே வலது என்று அவளாகவே தீர்த்துவிட்டிருந்தாள். அதை நம்பி, தூரத்துக்குக் கூடுதலாகப் பொருந்திய வில்லை வலது கண்ணுக்கும், கிட்டத்துக்குக் கூடுதலாகப் பொருந்தியது இடது கண்ணுக்கும் போயிருந்தது. முழுக்க மாறாட்டம்.

புது வில்லைகளைப் போட்டபின் இன்ஷிரா எழுத்து அட்டையைக் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கடைக்குள் நடக்கவிட்டு, பிறகு கீழே வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிரஷாந்தியின் ஸ்கூட்டர் முன்பெட்டியில் வலைப்பந்து கிடந்தது. இன்ஷிரா அபாயாவின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, நடைபாதை விளிம்பில் பந்தைத் தட்டத் தொடங்கினாள். புடவைக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"உள்ள," என்றாள் பிரஷாந்தி. "வெளிய. உள்ள. விளிம்பில பட்டது, உள்ள." தலையைக் கவிழ்க்கவில்லை. பிறகு நிமிர்ந்து வீதியின் கோடியில் வரும் பஸ்ஸின் பெயரை வாசித்தாள், குனியாமலே மணிக்கூட்டில் நேரம் பார்த்தாள். எல்லாம் கூராக இருக்கவில்லை. எழுத்துகளின் ஓரத்தில் பால் தடவியதைப்போல ஒரு மெல்லிய வெண்மை இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னாள்.

அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும் என்றாள் இன்ஷிரா. வெளிச்சம் மங்கினால் கூடும், பழகப் பழகக் குறையும். பிறகு ஒன்றை அழுத்திச் சொன்னாள்.

"ஒரு கண்ண மூடி மட்டும் சோதிச்சுப் பார்க்காதீங்க ரீச்சர். இது ரெண்டு கண்ணும் கூட்டு வேலை. ஒண்ட மூடினா மத்ததுட குறை மட்டும்தான் தெரியும்."

*

நல்லரத்தினம் எழுத்து அட்டையை அலுவலகச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். தூரத்தைத் தானே நாடாவால் அளந்து நிலத்தில் வெண்கட்டியால் கோடும் போட்டிருந்தார். கண்ணை மறைப்பதற்கென்று மேசைப்பந்து மட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

பிரஷாந்தி கோட்டில் நின்று, இரண்டு கண்ணாலும் அட்டையை மேலிருந்து வாசித்தாள். கடைசிக்கு முந்திய வரி வரை பிழையில்லை. கடைசி வரியில் ஒன்று தெரியவில்லை என்றாள். நல்லரத்தினம் மட்டையை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லம். இனி இடது கண்ண மூடிக்கிட்டு வாசிங்க."

"மூடமாட்டன் சேர்."

அறையில் இருந்தவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். கண்ணுக்குள் வில்லை போட்டிருப்பதை அவள் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு பங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் பார்வை என்று விளங்கப்படுத்தினாள். யாரோ, அப்படியென்றால் ஒரு கண் குருடா என்று கேட்டார். நல்லரத்தினம் அவரை அடக்கிவிட்டு, கண் பார்ப்பதென்றால் ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதுதான் முறை, தன்னையும் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பார்த்தார்கள் என்றார்.

"நீங்க மோட்டர்சைக்கிள் ஓடக்குள்ள ஒரு கண்ண மூடிக்கிட்டா சேர் ஓடுறீங்க?"

சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நான் ஒரு கண்ணால அம்பயர் வேலை செய்யப் போறதில்ல. அதால ஒரு கண்ணால உங்களுக்கு வாசிச்சுக் காட்டவும் போறதில்ல. வெளிய மைதானத்துக் கோட்டுக்கு வாங்க. பந்தப் போட்டுப் பாருங்க."

நல்லரத்தினம் மட்டையைப் பார்த்தார், பிறகு சுதாகரனைப் பார்த்தார். சுதாகரன் இறுதியாட்டத்தின் மற்ற நடுவர். வங்கியில் வேலை, கூட்டங்களில் வாய் திறக்காதவன். அவன் மூலையில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே இறங்கினான்.

வாவியின் மேல் வெயில் சரிந்து, தண்ணீர் முழுக்கத் தகடாக மினுங்கிக்கொண்டிருந்தது. பிரஷாந்தி பக்கக்கோட்டில் நின்றாள். சுதாகரன் பந்தைக் கோட்டின் மேல் எறிந்தான், கோட்டுக்கு வெளியே எறிந்தான், ஓடிவந்து பிடித்து இடது காலை ஊன்றி வலது காலை இழுத்தான், பிறகு வேண்டுமென்றே மாற்றி ஊன்றினான். ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்னாள். நல்லரத்தினம் கோட்டுக்கருகில் குந்தியிருந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் சுதாகரன் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். பந்து அவனுடைய காலடியில் எங்கோ விழும் சத்தம் கேட்டது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாய்க்குள் ஒரு சொல் தயாராக இருந்தது. எத்தனையோ வருடங்களாக அந்தச் சொல் அப்படித்தான், கண் பார்க்கும் முன்பே தயாராகிவிடும். அவள் அதை விழுங்கினாள்.

"தெரியல்ல," என்றாள். "உங்கட முதுகுதான் தெரிஞ்சது."

நல்லரத்தினம் எழும்பினார். "பாத்தீங்களா? அவவே சொல்றா."

"சேர்," என்றான் சுதாகரன், "எனக்கும் தெரியல்ல. என்ட காலுக்கதான் விழுந்தது."

செயலாளர் கோட்டையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு பிழை விட்டாலும் பாதி ஆட்டத்திலேயே விசிலைக் கொடுத்துவிட்டு மேசைக்கு வந்துவிடவேண்டும்.

"பிழை விட்டா நானே வாறன் சேர். நீங்க கூப்பிடத் தேவையில்ல. ஆனா சனம் கத்தினதுக்கு எண்டு வரமாட்டன்."

*

இறுதியாட்டத்துக்கு உன்னிச்சையிலிருந்து இரண்டு லொறிகளில் சனம் வந்திறங்கியது. கதிரவெளியிலிருந்து ஒரு பஸ், அதன் கூரையில் மேளம். பிரஷாந்தி தன் பக்கக் கோட்டுக்கு நடந்து போனபோது, கோட்டோரத்தில் கைபேசிகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன. ஒருவன் கையில் பூவரசங் கம்பு ஒன்றுக்கு வெள்ளைக் கடதாசி சுற்றி வைத்திருந்தான். அவள் நேரே அவனிடம் போய், கோட்டைத் தாண்டி நிற்கிறாய், ஓரடி பின்னுக்குப் போ என்றாள். அவன் போனான்.

முதல் பாதி அவளுடைய கையில் அமைதியாகப் போயிற்று. ஊன்றிய கால்களை அவள் பார்த்தாள். மூன்றடிக்குள் நீண்ட கைகளைப் பார்த்தாள். கோட்டில் பட்ட பந்து ஒன்றை உள்ளே என்று விட்டபோது கதிரவெளிக்காரர்கள் கூவினார்கள். பிறகு யாருடைய கைபேசியிலோ பார்த்துவிட்டு அடங்கினார்கள்.

மூன்றாம் கால்பகுதியில், இரண்டு அணிக்கும் ஒரு கோல்தான் இடைவெளியாக இருந்தபோது, பந்து உயரே வந்தது. உன்னிச்சையின் பிள்ளையும் கதிரவெளியின் பிள்ளையும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். உன்னிச்சைப் பிள்ளையின் முதுகு பிரஷாந்திக்குக் குறுக்கே வந்தது. முதுகுக்கு அப்பால் கைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். பந்து எகிறிக் கோட்டுக்கு வெளியே போய், கைபேசிகளுக்கு நடுவே விழுந்து உருண்டது.

விசிலை ஊதினாள். உன்னிச்சைப் பக்கம் ஒரு பெயரைக் கத்தியது, கதிரவெளிப் பக்கம் மற்றப் பெயரைக் கத்தியது. இரண்டு பிள்ளைகளும் தங்களுக்குத்தான் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேளம் நின்றுவிட்டது. அவள் மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற சுதாகரனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான்: பார்க்கவில்லை.

பிரஷாந்தி உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து உயர்த்தினாள். டொஸ் அப்.

கொஞ்சநேரம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது எல்லாப் பக்கமும் ஒன்றாக ஊளையிட்டது. வெள்ளைக் கம்பு மேலே எழுந்து ஆடியது. நல்லரத்தினம் மேசையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். அவள் அவரைப் பார்த்து, இருங்க என்பதுபோலக் கையைக் கீழே காட்டினாள். அவர் இருந்தார். அவள் நடந்து போய்ப் பந்தைக் கேட்டு வாங்கினாள். கொடுத்தவன் சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ரீச்சருக்குக் கண்ணு தெரியல்லையாம்."

அவள் அவனுடைய கைபேசிக்குள் நேராகப் பார்த்தாள்.

"ஓம், தெரியல்ல. எனக்குக் குறுக்க ஒரு முதுகு நிண்டது. உனக்கு வடிவாத் தெரிஞ்சிரிந்தா அதையும் சேத்துப் போடு."

திரும்பி வந்து இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தினாள். கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைக்கச் சொன்னாள். ஒருத்தியின் பெருவிரல் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. தலையைக் கவிழ்க்காமலே அதைக் கண்டு, பின்னுக்கு எடு என்றாள். ஊளைச் சத்தம் குறையவில்லை. அவள் அது குறையட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. உள்ளங்கையில் பந்து இருந்தது. அதன் தையல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்கு மேலே இரண்டு பிள்ளைகளின் வியர்த்த நெற்றிகள். அவர்களுக்கும் அப்பால், வாவியின் வெளிச்சத்தில், ஓரங்களில் மெல்லிய வெண்மையோடு ஒற்றை வளையம்.

விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பந்தை மேலே எறிந்தாள்.